மெனோபாஸ் தொந்தரவுக்கு லேகியமா, ஹார்மோனா?

முதலிலேயே என் முடிவைச் சொல்லிவிடுகிறேன், காரணங்களுக்கு அப்புறம் வரலாம். ராத்திரியில் மூன்று நான்கு தடவை உடம்பு குப்பென்று வியர்த்து, நைட்டி நனைந்து, எழுந்து ஃபேனுக்கு அடியில் உட்காருகிற நிலையா? வயது அறுபதுக்குள்ளா, மார்பகப் புற்றுநோயோ ரத்தக்கட்டோ வந்ததில்லையா? அப்படியென்றால் உங்களுக்கு வேலை செய்யப்போவது ஹார்மோன் சிகிச்சைதான். இன்றைக்குக் கடையில் கிடைக்கிற எந்த மூலிகையும் அதன் பக்கத்தில்கூட வராது. தொந்தரவு லேசானது, தூக்கமும் வேலையும் கெடவில்லை என்றால் மருந்தே தேவையில்லை. மூலிகை பிடித்திருந்தால் எடுத்துக்கொள்ளலாம், எதை, யாரிடம் வாங்கி, எத்தனை நாள் என்பதில் கவனம் வேண்டும். சின்ன வயதிலேயே சினைப்பைகளை எடுத்துவிட்ட பெண்களுக்கு மட்டும் இந்த ஒப்பீடே பொருந்தாது. அவர்களைப் பற்றிப் பின்னால் தனியாகச் சொல்கிறேன், இதை எழுத உட்கார்ந்ததே பாதி அவர்களுக்காகத்தான்.

மாதவிடாய் தொடர்ந்து 12 மாதம் வராமல் இருந்தால் மெனோபாஸ் வந்துவிட்டது என்று கணக்கு. மேற்கு நாடுகளில் இது சராசரியாக 51 வயதில் வருகிறது, நம் நாட்டுப் பெண்களுக்கு நாலைந்து வருடம் முன்னாலேயே, 46, 47 வாக்கில் வந்துவிடுகிறது. அதற்கு முந்தைய சில வருடங்களும் சேர்ந்து படுத்தும். சினைப்பை ஈஸ்ட்ரோஜன் சுரப்பதைக் குறைக்கிறபோது, உடல் வெப்பத்தைப் பார்த்துக்கொள்கிற மூளைப்பகுதி தடுமாறுகிறது, துளி வெப்பம் ஏறினாலும் ஏதோ பெரிய சூடு என்று நினைத்து ரத்தக்குழாய்களை விரித்து வியர்வையைக் கொட்டுகிறது. இதைத்தான் சூட்டு அலை (ஹாட் ஃபிளாஷ்) என்கிறோம். அதனால்தான் இளநீரும் மோரும் எண்ணெய்க் குளியலும் அந்த நேரத்துக்கு இதமாக இருந்தாலும் அடுத்த தடவை வருவதைத் தடுப்பதில்லை. "ஆறு மாசம் பொறுத்துக்கோ, தானா போயிடும்" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வதும் பலருக்கு நடப்பதில்லை. அமெரிக்காவில் பல இனப் பெண்களை வருடக்கணக்காகப் பின்தொடர்ந்த ஸ்வான் ஆய்வில், அடிக்கடி சூட்டு அலை வருகிற பெண்களில் பாதிப் பேருக்கு அது ஏழு வருடத்துக்கும் மேலாக நீடித்தது. ஏழு வருடம் தூங்காமல் இருந்துகொண்டு சமைத்து, வேலைக்குப் போய், பிள்ளைகளின் பரீட்சையையும் மாமியாரின் மருந்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு பெண்ணிடம் எதிர்பார்ப்பது நியாயமில்லை.

எதை எடுப்பதற்கும் முன்னால் ஒரு ரத்தப் பரிசோதனை: தைராய்டு, ஹீமோகுளோபின், சர்க்கரை. படபடப்பு, வியர்வை, சோர்வு, எரிச்சல் இவை எல்லாமே தைராய்டு கோளாறிலும் வரும். 47 வயதாகிவிட்டது என்பதற்காக எல்லாவற்றையும் மெனோபாஸ் தலையில் கட்டக்கூடாது.

சரி, ஹார்மோன் பக்கம் வருவோம். குறைந்துபோன ஈஸ்ட்ரோஜனைக் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுப்பதுதான் இந்தச் சிகிச்சை. கர்ப்பப்பை இருப்பவர்களுக்கு ஈஸ்ட்ரோஜனை மட்டும் கொடுத்தால் கர்ப்பப்பையின் உள்சவ்வு தடித்துப் புற்றுநோய் வரை போகலாம், அதைத் தடுக்கக் கூடவே புரொஜெஸ்டிரோன் கொடுப்பார்கள். கர்ப்பப்பை இல்லாதவர்களுக்குப் பெரும்பாலும் ஈஸ்ட்ரோஜன் மட்டும் போதும். மாத்திரையாகவும் தோலில் தடவுகிற ஜெல்லாகவும் கிடைக்கிறது. பலன் எவ்வளவு? பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் ஆய்வறிக்கைப்படி, போலி மாத்திரை எடுத்தவர்களோடு ஒப்பிட்டால் சூட்டு அலைகளின் எண்ணிக்கை முக்கால்வாசி குறைகிறது. சில வாரங்களிலேயே வித்தியாசம் தெரியும். கூடவே எலும்பு தேய்வதையும் தடுக்கிறது, இடுப்பெலும்பு முறிவு குறைகிறது. முதல் இரண்டு மூன்று மாதம் மார்பில் வலி, லேசான ரத்தக்கசிவு, குமட்டல் வரலாம். உடம்பு பெருத்துவிடும் என்று பயப்படுகிறார்கள், ஆனால் ஆய்வுகளில் ஹார்மோன் எடுத்தவர்கள் எடுக்காதவர்களைவிட அதிகமாகப் பெருத்ததாகத் தெரியவில்லை. அந்த வயதில் எடை ஏறுவது இரண்டு பக்கமும் நடக்கிறது.

இவ்வளவு பலன் இருந்தும் ஏன் எல்லோரும் பயப்படுகிறார்கள்? 2002 ஜூலைதான் காரணம். அமெரிக்காவின் விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ் ஆய்வில், கர்ப்பப்பை உள்ள 16,608 பெண்கள் கலந்துகொண்ட பகுதியைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். மார்பகப் புற்றுநோயும் பக்கவாதமும் ரத்தக்கட்டும் மாத்திரை எடுத்தவர்களிடம் கூடியிருந்தன. செய்தி உலகம் முழுக்கப் பரவி, லட்சக்கணக்கான பெண்கள் மாத்திரையைத் தூக்கிப் போட்டார்கள், டாக்டர்களும் எழுதுவதை விட்டார்கள். அன்றைக்குப் படித்த டாக்டர்கள்தான் இன்றைக்கு மூத்த மகப்பேறு மருத்துவர்கள், "ஹார்மோனா, வேண்டாம்மா, கேன்சர் வரும்" என்று ஒரே வரியில் முடிக்கிற பழக்கம் அங்கிருந்து வந்தது. ஆனால் அந்த ஆய்வில் இருந்த பெண்களின் சராசரி வயது 63. மெனோபாஸ் முடிந்து பத்து வருடத்துக்கும் மேலானவர்களே அதிகம். கொடுத்ததும் கருவுற்ற குதிரைகளின் சிறுநீரிலிருந்து எடுத்த ஈஸ்ட்ரோஜனும், புரொஜெஸ்டிரோன் போல வேலை செய்கிற ஒரு செயற்கை மருந்தும் சேர்ந்த மாத்திரை. இப்போது பலர் எழுதித் தருகிற எஸ்ட்ராடியால் என்ற ஈஸ்ட்ரோஜன் ஜெல்லும் இயற்கைப் புரொஜெஸ்டிரோனும் வேறு பொருட்கள்.

அந்த ஆய்வில் வருடத்துக்குப் பத்தாயிரம் பெண்களில் கூடுதலாக மார்பகப் புற்றுநோய் வந்தது 8 பேருக்கு, பக்கவாதம் 8 பேருக்கு, நுரையீரலில் ரத்தக்கட்டு 8 பேருக்கு, இதயப் பாதிப்பு 7 பேருக்கு. இடுப்பெலும்பு முறிவு 5 பேருக்கும், பெருங்குடல் புற்றுநோய் 6 பேருக்கும் குறைந்திருந்தது. கர்ப்பப்பை இல்லாமல் ஈஸ்ட்ரோஜன் மட்டும் எடுத்தவர்களிடம் மார்பகப் புற்றுநோய் கூடவே இல்லை. அந்தச் செய்தி மட்டும் யார் காதுக்கும் வந்து சேரவில்லை.

இதற்காக ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன், சிலர் இப்போது அந்தப் பக்கம் சாய்ந்து பேசுகிறார்கள், அதுவும் தப்பு. 2019-இல் லான்செட் இதழில் வந்த பெரிய தொகுப்பாய்வு மேற்கு நாட்டுப் பெண்களை வைத்துச் சொன்னது இது: 50 வயதில் தொடங்கி ஐந்து வருடம் ஈஸ்ட்ரோஜனும் புரொஜெஸ்டிரோன் வகை மருந்தும் தினமும் சேர்த்து எடுத்தால், 70 வயதுக்குள் ஏறக்குறைய ஐம்பது பேரில் ஒருவருக்குக் கூடுதலாக மார்பகப் புற்றுநோய் வரும், ஈஸ்ட்ரோஜன் மட்டும் என்றால் இருநூறு பேரில் ஒருவருக்கு. நம் நாட்டில் மார்பகப் புற்றுநோயின் அடிப்படை விகிதமே அங்கே இருப்பதைவிடக் குறைவு, அதனால் இந்தக் கணக்கு அப்படியே இங்கே பொருந்தாது. ஆனாலும் ஐம்பதில் ஒருவர் என்பதை யாரும் உங்களிடமிருந்து மறைக்கக் கூடாது. ராத்திரி தூக்கமே இல்லாமல் பைத்தியம் பிடிக்கிற நிலையில் இருக்கிற ஒருத்திக்கு அந்த ஆபத்து ஏற்கத்தக்கதாகத் தெரியலாம், வாரத்துக்கு ரெண்டு தடவை லேசாக வியர்க்கிறவருக்குத் தெரியாது. அதை முடிவு செய்ய வேண்டியது அந்தப் பெண்தான், டாக்டரும் இல்லை, புருஷனும் இல்லை.

இப்போது பெரும்பாலான மருத்துவ அமைப்புகள் ஒத்துப்போகிற அளவுகோல் இது: 60 வயதுக்குள், அல்லது மெனோபாஸ் வந்து 10 வருடத்துக்குள் தொடங்கினால் பலன் ஆபத்தைவிட அதிகம். 2025 நவம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் இந்த மருந்துகளின் மேல் இருபது வருடத்துக்கும் மேலாக ஒட்டியிருந்த கட்டம் கட்டிய எச்சரிக்கையில் பெரும்பகுதியை நீக்கப்போவதாக அறிவித்தது. மாத்திரையைவிட ஜெல் ரத்தக்கட்டு விஷயத்தில் பாதுகாப்பானது என்று தெரிகிறது, ஏனென்றால் அது கல்லீரல் வழியாகப் போகாமல் நேராக ரத்தத்தில் சேர்கிறது. உடல் எடை கூடியவர்கள், சர்க்கரை, பிரஷர் உள்ளவர்கள் டாக்டரிடம் ஜெல்லைப் பற்றிக் கேட்டே ஆக வேண்டும். மார்பகப் புற்றுநோய், மாரடைப்பு, பக்கவாதம், காலிலோ நுரையீரலிலோ ரத்தக்கட்டு, தீவிரக் கல்லீரல் நோய், காரணம் தெரியாத ரத்தப்போக்கு, இதில் ஏதாவது இருந்தால் ஹார்மோன் பொதுவாகக் கிடையாது.

யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிறப்புறுப்பில் வறட்சி, உறவின்போது வலி, அடிக்கடி நீர்க்கடுப்பு. சூட்டு அலையாவது ஒருநாள் நிற்கும், இது வயதாக ஆக அதிகமாகும். இதற்கு எந்த லேகியமும் எட்டாது. எஸ்ட்ரியால் என்ற ஈஸ்ட்ரோஜன் கிரீமை அந்த இடத்திலேயே போட்டால் போதும், மிகக் குறைந்த அளவு, ரத்தத்தில் சேர்வது அநேகமாக ஒன்றுமில்லை, மேலே சொன்ன பயங்கள் இதற்குப் பொருந்துவதில்லை. மாமனார் மாமியார் இருக்கிற வீட்டில் ஐம்பது வயதில் இதைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு வருடத்துக்கு நாலு தடவை ஆன்டிபயாடிக் விழுங்குகிற பெண்கள் எத்தனையோ பேர்.

இனி மூலிகை. நம் ஊர் நாட்டு மருந்துக் கடையில் போய்க் கேட்டால் தண்ணீர்விட்டான் கிழங்கு வரும், அமுக்கரா (அஸ்வகந்தா) சூரணம் வரும், அசோகப் பட்டை, வெந்தயம், ஆளி விதை வரும். ஆன்லைனில் தேடினால் சோயா ஐசோஃபிளேவோன், பிளாக் கோஹோஷ், ஈவ்னிங் பிரிம்ரோஸ் எண்ணெய் என்று குப்பிகள் வரும். எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட முடியாது. ஆனால் எதைப் பற்றிப் பேசினாலும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய எண் ஒன்று உண்டு. ஹார்மோன் ஆய்வுகளில் ஒன்றுமே இல்லாத போலி மாத்திரை எடுத்த பெண்களுக்கும் சூட்டு அலை சராசரியாகப் பாதிக்கும் மேல் குறைந்தது, சுமார் 58 சதவீதம். நம்பிக்கையும் காலப்போக்கும் கவனிப்பும் சேர்ந்து செய்கிற வேலை அது. ஆகவே "எங்க அத்தை இந்தச் சூரணம் சாப்பிட்டாங்க, மூணு மாசத்துல நின்னுடுச்சு" என்பது உண்மையாகவே இருந்தாலும் சூரணத்தால் நின்றது என்று ஆகிவிடாது. போலி மாத்திரையைவிடக் கூடுதலாக என்ன செய்தது என்பதுதான் கேள்வி.

அந்தக் கேள்வியைக் கேட்டால் பல குப்பிகள் காலியாகின்றன. பிளாக் கோஹோஷ் அமெரிக்கச் செடி, உலகத்திலேயே மெனோபாஸுக்கு அதிகமாக விற்கிற மூலிகைகளில் ஒன்று. 2012-இல் 16 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் அறிக்கை, இது பயன்படுகிறது என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்றது. கல்லீரல் பாதிப்பு வந்ததாகப் பதிவுகளும் இருக்கின்றன. ஈவ்னிங் பிரிம்ரோஸும் ஆய்வில் போலி மாத்திரையைத் தாண்டவில்லை. ஆளி விதையும் அப்படியே, 188 பெண்களிடம் நடந்த ஆய்வில் வித்தியாசம் இல்லை, ஆனால் அது நல்ல உணவு, மலச்சிக்கலுக்கும் கொழுப்புக்கும் உதவும், சட்னிப் பொடியில் சேர்த்துச் சாப்பிடுங்கள். சோயாவின் நிலை கொஞ்சம் மேல். ஒரு நாளில் வருகிற சூட்டு அலைகளின் எண்ணிக்கை ஓரளவு குறைவதாகத் தொகுப்பாய்வுகள் சொல்கின்றன, ராத்திரி வியர்வையில் பலன் இல்லை.

அமுக்கராவுக்கு வருவோம், ஏனென்றால் தமிழ்நாட்டில் இதை நிறையப் பேர் எடுக்கிறார்கள். நூறு பேருக்குள் வைத்து எட்டு வாரம் நடந்த ஓர் ஆய்வு 2021-இல் வெளியானது, அதில் தொந்தரவுகளின் மதிப்பெண் குறைந்தது. நம்பிக்கை தருகிற முடிவுதான், ஆனால் எட்டு வாரமும் நூறு பேருக்குள்ளும் வைத்து ஏழு வருடத் தொந்தரவுக்கு முடிவெடுக்க முடியாது. தூக்கம், பதற்றம் இரண்டுக்கும் அமுக்கரா உதவுவதற்கு ஓரளவு ஆதாரம் இருக்கிறது. எனவே வியர்வை பெரிதில்லை, தூக்கம்தான் வரவில்லை, மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது என்பவர்கள் முயன்று பார்ப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள் கேட்காமல் தொடக்கூடாது, அது தைராய்டு ஹார்மோனை ஏற்றக்கூடியது. கல்லீரல் பாதிப்புகளும் பதிவாகியிருக்கின்றன. ஹார்மோன்களைப் பாதிக்கலாம் என்ற காரணத்தால் டென்மார்க் 2023-இல் அமுக்கராவுக்குத் தடையே போட்டது. தண்ணீர்விட்டான் கிழங்குக்குப் பெண்களுக்கான மருந்து என்ற பெயர் நம் மரபில் காலங்காலமாக உண்டு, அதன் மீது எனக்கு மரியாதையும் உண்டு, ஆனால் மெனோபாஸுக்கென்று நடந்தவை எல்லாம் சின்னச் சின்ன ஆய்வுகள். இதுவரை பெரிய தீங்கும் தெரியவில்லை, பெரிய நிரூபணமும் இல்லை.

அசோகப் பட்டை விஷயத்தில்தான் எனக்குப் பயம். நாற்பத்தைந்து வயதில் மாதவிடாய் தாறுமாறாகப் போகிறது, கட்டி கட்டியாக வருகிறது என்றால் உடனே அசோகாரிஷ்டம் வாங்கிக் குடிக்கிற பழக்கம் இருக்கிறது. அந்த ரத்தப்போக்குக்குக் காரணம் ஃபைப்ராய்டாக இருக்கலாம், கர்ப்பப்பை உள்சவ்வு தடித்திருக்கலாம், அரிதாகப் புற்றுநோயாகவும் இருக்கலாம். முதலில் ஸ்கேன், தேவைப்பட்டால் உள்சவ்வில் துளி எடுத்துப் பரிசோதனை. அரிஷ்டம் அதற்கப்புறம்தான்.

"மூலிகைக்குப் பக்கவிளைவு இல்லை" என்ற வாசகத்தை நான் ஏற்கவே மாட்டேன். அதிமதுரத்தை நாள்கணக்காக எடுத்தால் பிரஷர் ஏறும், பொட்டாசியம் இறங்கும். 2008-இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்த ஆய்வில், இணையத்தில் விற்ற 193 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்தபோது ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. ஹார்மோன் வேண்டாம் என்று ஓடிப்போய் ஈயத்தைச் சாப்பிடுவதில் என்ன லாபம்? மூலிகைதான் வேண்டும் என்றால் பதிவு பெற்ற சித்த மருத்துவரிடம் போங்கள். தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது, பல அரசு மருத்துவமனைகளிலேயே சித்தப் பிரிவு இருக்கிறது, அங்கே உங்கள் மற்ற மாத்திரைகளையும் கேட்டுவிட்டுத்தான் தருவார்கள். உரிம எண் இல்லாத பொட்டலமும், யூடியூபில் பார்த்து வாங்குகிற பற்பமும் செந்தூரமும் வேண்டவே வேண்டாம்.

மார்பகப் புற்றுநோய் வந்து குணமானவர்கள் ஹார்மோன் கிடையாது என்று சொன்னதும் நேராக மூலிகைப் பக்கம்தான் வருகிறார்கள். அவர்கள்தான் ரொம்பக் கவனமாக இருக்க வேண்டியவர்கள். ஈஸ்ட்ரோஜன் போல வேலை செய்கிற செடிகளின் சாற்றை மாத்திரையாக அடர்த்தியாக எடுப்பது அவர்களுக்கு ஏற்றதல்ல. வெறும் வியர்வைக்கு வென்லாஃபாக்சின், கபாபென்டின் மாதிரி ஹார்மோன் இல்லாத மாத்திரைகள் இருக்கின்றன, புற்றுநோய் டாக்டரிடம் கேளுங்கள். மார்பகப் புற்றுநோய்க்கான டமாக்சிஃபென் மாத்திரை எடுப்பவர்களுக்கு இந்த வகையில் பராக்சிடின் ஒத்துவராது, அது டமாக்சிஃபெனின் வேலையைக் கெடுக்கும்.

இப்போது சினைப்பை எடுத்தவர்கள். என் அக்காவுக்கு 39 வயதில் ஃபைப்ராய்டுக்காக ஒரு தனியார் மருத்துவமனையில் கர்ப்பப்பையை எடுத்தார்கள், "இனி உபயோகமில்லை" என்று சொல்லி இரண்டு சினைப்பைகளையும் சேர்த்தே எடுத்துவிட்டார்கள், கால்சியம் மாத்திரையை மட்டும் எழுதிக்கொடுத்து அனுப்பினார்கள். மறுவாரமே வியர்வை, தூக்கமின்மை, அழுகை. ஊரில் எல்லோரும் ஆளுக்கொரு கஷாயம் சொன்னார்கள். ஹார்மோன் என்ற வார்த்தையைச் சொல்ல ஒரு டாக்டர்கூட இல்லாமல் வருடங்கள் போயின. இது ஒரு வீட்டுக் கதை இல்லை. 2015–16 தேசியக் குடும்பநல ஆய்வில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் கர்ப்பப்பை எடுத்தவர்கள் ஆந்திராவில் 8.9 சதவீதம், தெலங்கானாவில் 7.7 சதவீதம். இவர்களில் எத்தனை பேருக்குச் சினைப்பையும் போயிருக்கிறது என்பது அவர்களுக்கே தெரியாது, "பையை எடுத்துட்டாங்க" என்பதோடு முடிந்துவிடும்.

45 வயதுக்கு முன்னால் இரண்டு சினைப்பைகளும் போய்விட்டால், தொந்தரவு இருக்கிறதோ இல்லையோ, தடை ஏதும் இல்லாத பட்சத்தில் இயல்பாக மெனோபாஸ் வருகிற வயது வரையாவது ஹார்மோன் எடுக்க வேண்டும் என்பதுதான் மருத்துவ வழிகாட்டுதல். இல்லையென்றால் எலும்பும் இதயமும் சீக்கிரமே பாதிக்கப்படும். 63 வயதுப் பெண்களிடம் கண்ட ஆபத்தை 39 வயதுக்காரிக்குப் பொருத்தவே கூடாது, அவளுக்கு அந்த வயதில் இயல்பாக இருந்திருக்க வேண்டியதைத்தான் திருப்பிக் கொடுக்கிறோம். இங்கே மூலிகையை மாற்றாக வைப்பது கெடுதல், ஏனென்றால் எந்த மூலிகையும் எலும்பைக் காப்பாற்றுவதாக நிரூபிக்கப்படவில்லை. வீட்டில் யாருக்காவது ஆபரேஷன் ஆகியிருந்தால் பழைய டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுங்கள். டி.ஏ.ஹெச் என்று மட்டும் இருந்தால் கர்ப்பப்பை மட்டும். கூடவே பி.எஸ்.ஓ என்று இருந்தால் இரண்டு சினைப்பைகளும் எடுக்கப்பட்டிருக்கின்றன. அந்தக் காகிதத்தோடு மகப்பேறு மருத்துவரிடம் போங்கள். பயமுறுத்தி அனுப்பினால் "எந்தக் காரணத்தால் எனக்குக் கூடாது?" என்று கேளுங்கள், காரணம் சொல்லாவிட்டால் வேறொருவரிடம் போங்கள்.

ரெண்டையும் சேர்த்து எடுக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். காலையில் ஜெல், ராத்திரி லேகியம். ஒரே நேரத்தில் தொடங்காதீர்கள், எது உதவியது, எது கெடுத்தது என்று தெரியாமல் போகும். ஒன்றைத் தொடங்கி மூன்று மாதம் பாருங்கள், ஒரு நாளில் எத்தனை தடவை வியர்த்தது, ராத்திரி எத்தனை தடவை எழுந்தீர்கள் என்று காலண்டரிலேயே குறித்துவையுங்கள். இரண்டு மருத்துவரிடமும் இரண்டையும் சொல்லுங்கள். ஹார்மோன் தொடங்கும் முன் மார்பகப் பரிசோதனை, பிரஷர், கொழுப்பு பார்த்துவிட்டு, அப்புறம் வருடத்துக்கு ஒருமுறை இன்னும் தேவையா என்று உட்கார்ந்து பேசவேண்டும்.

அப்புறம் ஒன்று, எந்தப் பக்கம் போனாலும் இது பொருந்தும். மாதவிடாய் நின்று ஒரு வருடம் கழிந்தபின் துளி ரத்தம் பட்டாலும், அது லேகியத்தாலோ சூட்டாலோ என்று காத்திருக்காமல் அந்த வாரமே போய் ஸ்கேன் எடுத்துவிடுங்கள்.